இருநூறு மில்லி வயிறு

நம் நாட்டின் பேறுகாலப் பலன் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். முதலிரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு கிடைக்கும் விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமானது. 26 வாரம் என்றால் 182 நாள். பிறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதுவும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். சட்டமும் மருத்துவமும் இப்படி ஒரே எண்ணில் வந்து நிற்பது அபூர்வம்.

ஆனால் இதன் விளைவு ஒன்றை அதிகம் பேர் யோசிப்பதில்லை. அம்மா வேலைக்குத் திரும்பும் நாளும் குழந்தை வாயில் முதல் கரண்டிக் கஞ்சி படும் நாளும் ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. பிரசவத்துக்கு முன்பே சில வாரம் விடுப்பு எடுத்தவர்களுக்கு வேலைக்குத் திரும்பும் நாள் இன்னும் முந்திவிடும். ஆக, குழந்தை புது உணவு பழகும் காலம் முழுவதும் பகல் வேளைகளில் அதற்கு ஊட்டப்போவது காப்பகத்தின் ஆயாதான்.

இதுவும் மாதச் சம்பளக்காரர்களின் கதை. சித்தாள் வேலைக்கும் செங்கல் சூளைக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களுக்கு 26 வாரமும் கிடையாது, 12 வாரமும் கிடையாது. தமிழக அரசின் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி திட்டம் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது; அது உதவி, விடுப்பு அல்ல. பால்வாடி இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சத்துமாவுப் பொட்டலத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதுதான் வழக்கம். பகல் முழுக்க வைத்துப் பார்த்துக்கொள்வது பெரிய பிள்ளைகளை. கைக்குழந்தைகளுக்கு என்று தனியாக ஒன்று வேண்டும் என்ற எண்ணத்தில் மீரா மகாதேவன் 1969-இல் டெல்லியில் ஒரு கட்டட வேலைத்தளத்திலேயே தொடங்கியதுதான் மொபைல் கிரெச்சஸ். அரை நூற்றாண்டு கழித்து, மத்திய அரசு 'பால்னா' என்ற பெயரில் அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்க்கும் திட்டத்தை இப்போது கொண்டுவந்திருக்கிறது. தாமதம்தான். இருந்தாலும் வரட்டும்.

நாம் பேசவேண்டியது அந்தக் காப்பகத்துக்குள் கிண்ணத்தில் என்ன இருக்கிறது, அதை யார் எவ்வளவு நேரம் வைத்து ஊட்டுகிறார்கள் என்பதைப் பற்றித்தான்.

முதலில் வயிறு. சிறு குழந்தையின் இரைப்பை உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லி கொள்ளும். ஏழு கிலோ குழந்தைக்கு 210 மில்லி. ஒரு சின்ன டம்ளர், அவ்வளவே. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி வேண்டும். அதில் 400 தாய்ப்பாலிலிருந்தே வந்துவிடும். மீதி 200 கலோரி திட உணவிலிருந்து வரவேண்டும். ஒன்பது மாதம் தாண்டினால் 300. ஒரு வயது நிறைந்ததும் 550.

இப்போது நம் ஊர்க் கஞ்சியைப் பார்ப்போம். கேழ்வரகு மாவு 100 கிராமில் 320 கலோரி இருக்கிறது. 200 மில்லி தண்ணீரில் 10 கிராம் மாவைக் கரைத்துக் காய்ச்சினால் குழந்தை எளிதாகக் குடிக்கிற பதத்தில் கஞ்சி வரும். அதில் உள்ளது 32 கலோரி. 200 கலோரி தேற வேண்டுமானால் இப்படி ஆறு டம்ளருக்கு மேல் குடிக்க வேண்டும். குடித்தால் தாய்ப்பாலுக்கு வயிற்றில் இடமிருக்காது. சரி, மாவைக் கூட்டிப் போடலாமே என்றால், கஞ்சி களியாகிவிடுகிறது. பல்லில்லாத குழந்தை அதைத் தள்ளிவிடும். பார்ப்பவர்களுக்கோ, குழந்தை டம்ளர் கஞ்சி குடித்தாயிற்று, வயிறு நிறைந்து தூங்குகிறது என்று திருப்தி. வயிறு நிறைந்தது உண்மை. நிறைந்தது பெரும்பாலும் தண்ணீரால்.

களியாவதற்குக் காரணம் மாவுச்சத்தின் குணம். மாவுச்சத்து மணிகள் சூடான நீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதுகின்றன. ஊதிய மணிகள் ஒன்றையொன்று நெருக்க, கஞ்சி கெட்டிப்படுகிறது. இதை அவிழ்க்கும் சாவி தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. விதை முளைவிடும்போது, இளங்குருத்துக்குத் தீனி வேண்டுமென்று அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கிக்கொள்கிறது. அது நீண்ட மாவுச்சத்துச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக வெட்டும். வெட்டுப்பட்ட சங்கிலியால் நீரைப் பிடித்து ஊத முடியாது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சும் கஞ்சி நெகிழ்ந்து ஓடுவதன் ரகசியம் இதுதான். அதே ஓட்டமான பதத்தில் மூன்று நான்கு மடங்கு மாவைப் போடலாம்; அதே டம்ளரில் சுமார் நூறு கலோரி ஏறிவிடும்.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் 1982-இல் முளைகட்டிய கேழ்வரகையும் பச்சைப் பயறையும் சேர்த்து, ஊதிக் கெட்டிப்படாத குழந்தை உணவு ஒன்றை உருவாக்கி வெளியிட்டார்கள். பரோடாவில் தாரா கோபால்தாஸ் குழுவினர் இன்னொரு படி போனார்கள். எல்லா மாவையும் முளைகட்ட வேண்டியதில்லை. சாதாரண மாவில் காய்ச்சிய கெட்டிக் கஞ்சியில் முளைத்தானிய மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கினாலே களி இளகிவிடும் என்று காட்டினார்கள். ஒரு காப்பகத்துக்கு இதைவிட மலிவான தொழில்நுட்பம் இருக்க முடியாது.

செய்முறையில் கவனிக்க வேண்டியவை சில. கொதிக்கிற சூட்டில் அமைலேஸ் செத்துவிடும். ஆகவே அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு சிட்டிகை மாவைப் போட்டுக் கிண்ட வேண்டும். இளகியதும் மறுபடி ஒரு கொதி விட வேண்டும்; ஏனென்றால் வேகாத மாவில் கிருமி இருக்கலாம். முளைகட்டிய தானியத்தை நிழலில் நன்றாக உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். வாசனைக்காகச் சிவக்கச் சிவக்க வறுத்தால் நொதி போய்விடும், மாவு பழையபடி கெட்டிப்படும். கடையில் விற்கும் இருபத்தைந்து சாமான் போட்ட சத்துமாவின் பலவீனம் இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. முந்திரி, பாதாம், ஏலக்காய் என்று பட்டியல் நீளுகிறதே தவிர, முளைகட்டினார்களா, எவ்வளவு வறுத்தார்கள் என்று எந்தப் பொட்டலமும் சொல்வதில்லை. கஞ்சியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. குழைய வேகவைத்த பருப்புச் சாதத்தைப் பிசைந்து ஒரு தேக்கரண்டி நெய் விட்டால், அந்த நெய் மட்டுமே 45 கலோரி தருகிறது. முதலில் கணக்குப் போட்ட கஞ்சி டம்ளர் முழுவதையும்விட இது அதிகம்.

கலோரி ஒரு பக்கம். இரும்புச்சத்தோ காப்பகத்துக்கு வரும் வயதில் சரியாக விளிம்பில் வந்து நிற்கும் விஷயம். நிறைமாதக் குழந்தை தாயின் வயிற்றிலிருந்தே இரும்பைச் சேமித்துக்கொண்டு வருகிறது. தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் கழித்து வெட்டினால் அந்தச் சேமிப்பு கொஞ்சம் கூடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு, லிட்டருக்கு அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. இருப்பது நன்றாக உடலில் சேரும் என்பதால் ஆறு மாதம் வரை சமாளிக்கும். அதற்குள் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. ஒன்பது முதல் பதினோரு மாதக் குழந்தைக்குத் தேவையான இரும்பில் 97 சதவீதம் வெளி உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. துத்தநாகத்துக்கு 86 சதவீதம். இந்த வயதில் மூளை அசுர வேகத்தில் வளர்கிறது. இரும்புப் பற்றாக்குறை கவனத்தையும் கற்றலையும் பாதிக்கிறது. பிற்பாடு மருந்து கொடுத்து ரத்தத்தைச் சரிசெய்தாலும் மூளையில் விட்ட இடம் முழுதாக நிரம்பும் என்று உறுதி சொல்ல முடியாது.

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 57. அதே ஆய்வில் ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதிய அளவும் வகையும் கொண்ட உணவு கிடைப்பவர்கள் நாடு முழுக்கப் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல்.

கேழ்வரகில் இரும்பு இருக்கிறதே? இருக்கிறது, 100 கிராமுக்கு 4 மில்லிகிராமுக்கும் மேல். கூடவே ஃபைட்டேட் என்ற பொருளும் இருக்கிறது. அது இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. இங்கேயும் முளைகட்டுவது உதவுகிறது. முளைக்கும்போதும் புளிக்கும்போதும் ஃபைட்டேட் குறைகிறது. இட்லி அந்த வகையில் புத்திசாலித்தனமான குழந்தை உணவு. சாதத்தோடு கொஞ்சம் தக்காளி மசித்துச் சேர்ப்பதும், நெல்லிக்காய்ச் சாறு இரண்டு சொட்டு விடுவதும் வைட்டமின் சி கொடுத்து இரும்பை உள்ளே சேர்க்கும். ஆட்டு ஈரலும் மீனும் தரும் இரும்பு இந்தத் தடைகளையெல்லாம் தாண்டி எளிதாகச் சேரும். சாப்பிடுகிற வீட்டுக் குழந்தைக்கு அதை இரண்டு வயது வரை தள்ளிப்போடக் காரணம் எதுவும் இல்லை. அரசின் ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் ஆறு மாதம் தாண்டிய குழந்தைக்கு வாரம் இரண்டு முறை ஒரு மில்லி இரும்பு டானிக் உண்டு. காப்பகத்தில் விட்ட குழந்தைக்கு அது கொடுக்கப்பட்டதா என்று வீட்டுக்கும் தெரியாது, காப்பகத்துக்கும் தெரியாது என்ற நிலைதான் பல இடங்களில்.

முட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஈக்வடாரில் ஆறு முதல் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் தினம் ஒரு முட்டை கொடுத்த ஆய்வு 2017-இல் வெளியானது. வளர்ச்சி குன்றல் 47 சதவீதம் குறைந்தது. உலகமே முட்டையைக் கொண்டாடியது. இதே ஆய்வை ஆப்பிரிக்காவின் மலாவியில் திரும்பச் செய்தபோது உயரத்தில் குறிப்பிடும்படி மாற்றம் எதுவும் வரவில்லை. அந்த ஊர்க் குழந்தைகள் ஏற்கெனவே மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு பொருளை அதிசய உணவு என்று யாராவது சொன்னால் எனக்கு மலாவி நினைவுக்கு வரும். அதற்காக முட்டையை விடவேண்டாம். நம் குழந்தைகள் பலரின் தட்டு ஈக்வடார் தட்டைத்தான் ஒத்திருக்கிறது.

ஒரு வயது வரை கூடாதவை சில. தேன் கூடாது, பிறந்ததும் வைக்கும் சேனையானாலும் சரி: அதிலிருக்கக்கூடிய போட்டுலிசக் கிருமியின் வித்துகள் பெரியவர் குடலில் ஒன்றும் செய்யாது, சிசுவின் குடலில் முளைத்து நரம்பை முடக்கும் நச்சை உண்டாக்கும். 1976-இல் அமெரிக்காவில் இதை முதன்முதலாக அடையாளம் கண்டார்கள். பசும்பால் முக்கியப் பானமாகக் கூடாது: இரும்பு மிகக் குறைவு, போதாததற்குச் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத ரத்தக்கசிவையும் உண்டாக்கும். உப்பும் சர்க்கரையும் வேண்டாம். பாலில் நனைத்த பிஸ்கட் என்பது மைதாவும் சர்க்கரையும்தான், சிசு உணவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வேர்க்கடலை விஷயத்தில் மருத்துவம் தன் பேச்சையே மாற்றிக்கொண்டது. ஒவ்வாமை வரும் என்று மேலைநாடுகளில் மூன்று வயது வரை தள்ளிப்போடச் சொன்னார்கள். லண்டனில் 640 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2015-இல் வந்தபோது, நான்கு முதல் பதினோரு மாதத்துக்குள் தொடங்கிக் கடலை உணவை முறையாகச் சாப்பிட்டவர்களில் ஐந்து வயதில் ஒவ்வாமை 3 சதவீதம், அதைத் தவிர்த்தவர்களில் 17 சதவீதம் என்று தெரிந்தது. ஆக, கடலையை நைஸாக அரைத்துக் கஞ்சியில் சேர்க்கலாம். முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை கிட்டே வரக்கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

காப்பகத்துக்கே உரிய ஒரு சிக்கல், உணவு பயணம் செய்வது. அம்மா காலை ஆறு மணிக்குக் காய்ச்சிய கஞ்சியை எவர்சில்வர் டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார். குழந்தை அதைப் பதினோரு மணிக்குச் சாப்பிடுகிறது. வெதுவெதுப்பான, ஈரமான, சத்தான கஞ்சி பாக்டீரியாவுக்கும் நல்ல சாப்பாடு. சாதகமான சூட்டில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு கிருமி, ஐந்து மணி நேரத்தில் 32,000-ஐத் தாண்டிவிடும். மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 1970-களில் குழந்தைக் கஞ்சியைச் சோதித்த ஆய்வாளர்கள் இதையே கண்டார்கள்: காலையில் காய்ச்சி வைத்த கஞ்சி நேரம் ஆக ஆக வயிற்றுப்போக்கின் ஊற்றாக மாறியது. சித்திரை வெயிலில் நம் ஊர்ச் சமையலறை காம்பியாவுக்குச் சளைத்ததல்ல. மாவை உலர்வாகக் கொடுத்தனுப்பி, அங்கேயே அப்போதைக்கப்போது காய்ச்சுவதுதான் வழி. அடுப்பில்லாத காப்பகம் என்றால், கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுப்பது அடுத்த வழி.

தாய்ப்பால் இந்த விஷயத்தில் கஞ்சியைவிடக் கெட்டிக்காரத்தனமானது. அதில் கிருமியைத் தடுக்கும் புரதங்களும் எதிர்ப்பொருள்களும் உயிரோடு இருக்கின்றன. பீய்ச்சி எடுத்த பால் 25 டிகிரி சூடு வரை நான்கு மணி நேரம் வெளியே தாங்கும். பிரிட்ஜில் நான்கு நாள். நம் ஊரில் 25 டிகிரி என்பது மார்கழி அதிகாலை. மற்ற மாதங்களில் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டுபோய் நேரே பிரிட்ஜில் சேர்ப்பது நல்லது. வைத்த பாலில் கொழுப்பு மேலே ஆடையாகப் பிரிந்து நிற்கும். கெட்டுவிட்டது என்று சில ஆயாக்கள் கீழே கொட்டிவிடுவது உண்டு. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். சூடான தண்ணீரில் கிண்ணத்தை நிறுத்திச் சூடேற்ற வேண்டும், அடுப்பில் காய்ச்சக்கூடாது. குழந்தை வாய் வைத்த மீதியை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்கக்கூடாது. பவுடர் பால் கொடுத்துத்தான் ஆகவேண்டிய குழந்தைக்கு, பவுடர் கிருமியற்றதல்ல என்பதை நினைவில் வைத்து, 70 டிகிரிக்குக் குறையாத சூட்டுத் தண்ணீரில் கரைத்து, ஆறவைத்து உடனே கொடுக்க வேண்டும்.

எதில் கொடுப்பது? ஃபீடிங் பாட்டிலின் ரப்பரிலும் கழுத்து மடிப்பிலும் ஒளியும் கிருமியைக் கழுவி எடுப்பது கடினம். நம் நாட்டில் 1992-இல் வந்த சட்டம் பவுடர் பாலோடு பாட்டிலுக்கும் விளம்பரம் கூடாது என்று தடுத்ததற்கு ஒரு காரணம் இது. பாட்டி காலத்துச் சங்கு, பாலாடை, சின்ன டம்ளர் எதுவானாலும் ஒரு நொடியில் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்துவிடலாம். ஆனால் குழந்தையைக் காலில் மல்லாத்திப் போட்டுச் சங்கைத் தொண்டைக்குள் கவிழ்க்கும் பழக்கம் ஆபத்து, பால் நுரையீரலுக்குப் போகும். குழந்தையை நிமிர்த்தி வைத்து, உதட்டில் சங்கின் விளிம்பைத் தொட்டுக் காத்திருந்தால் அதுவே உறிஞ்சும்.

காத்திருப்பது. அந்த இடத்தில்தான் காப்பகத்தின் கணக்கு இடிக்கிறது. 2018-இல் வெளியான தேசிய வழிகாட்டு நெறிகள், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளர், கூட ஓர் உதவியாளர் என்கின்றன. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் ஒரு வயதுக்குட்பட்டோருக்குப் பரிந்துரைப்பது மூன்றுக்கு ஒருவர். பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கு அதன் போக்கில் கரண்டியால் ஊட்ட இருபது நிமிடம் ஆகும். பத்துக் குழந்தைக்கு 200 நிமிடம், மூன்று மணி நேரத்துக்கும் மேல். கடைசிக் குழந்தை சாப்பிட்டு முடிக்கும்போது முதல் குழந்தைக்கு மறுபடி பசிக்கும். உதவியாளரும் உட்கார்ந்து ஊட்டினால் பாதியாகும். அவர்தான் துணி அலசுகிறார், தரை துடைக்கிறார்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், காப்பகங்களில் நாம் குறை சொல்லும் பல பழக்கங்களின் வேர் தெரியும். தலையணையில் சாய்த்து வைத்த பாட்டில் எதற்கு? ஒரே நேரத்தில் நான்கு பேர் குடிக்கலாம். கஞ்சி ஏன் தண்ணீராக இருக்கிறது? வேகமாக இறங்கும். எல்லாவற்றையும் ஏன் மிக்ஸியில் அடிக்கிறார்கள்? மெல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. மிக்ஸியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்த ஆய்வில், பத்து மாதத்துக்குப் பிறகுதான் கட்டிகட்டியான உணவை முதலில் ருசித்த குழந்தைகள், முன்பே பழகியவர்களைவிடச் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடித்தார்கள். ஏழு வயதிலும் காய்கறி, பழம் குறைவாகவே தின்றார்கள். எட்டு மாதத்தில் கையில் பிடித்துத் தின்ன வெந்த கேரட் துண்டும் இட்லி விள்ளலும் கொடுக்க வேண்டியிருப்பது அதனால்தான். தரை அழுக்காகும். ஆகட்டும்.

ஊட்டும் கையின் குணம் உடம்பில் ஒட்டுமா என்பதற்கு மறக்க முடியாத ஒரு சான்று உண்டு, எதிர்பாராமல் கிடைத்தது. 1948-இல் போரில் சிதைந்த ஜெர்மனியில் பிரிட்டிஷ் ஊட்டச்சத்து அறிஞர் எல்சி விடோசன் இரண்டு அனாதை இல்லங்களில் ஆய்வு நடத்தினார். ஒவ்வொன்றிலும் ஐம்பது பிள்ளைகள் போல, நான்கு முதல் பதினான்கு வயதுவரை. முதல் 26 வாரம் இரண்டுக்கும் ஒரே ரேஷன். அடுத்த 26 வாரம் ஓர் இல்லத்துக்கு மட்டும் கூடுதலாக ரொட்டி, ஜாம், ஆரஞ்சுச் சாறு. கூடுதல் உணவு பெற்றவர்கள் அதிகம் எடை போடுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது தலைகீழ். ரேஷன் மட்டும் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் ஏறினார்கள்.

காரணத்தை விடோசன் தேடிப் பிடித்தார். ரேஷன் மட்டும் வாங்கிய இல்லத்தில் முதல் பாதியில் இருந்த மேற்பார்வையாளர் கண்டிப்பானவர். சாப்பாட்டு நேரத்தில்தான் பிள்ளைகளை எல்லோர் முன்னும் நிறுத்தித் திட்டுவார். கூடுதல் உணவு தொடங்கிய அதே சமயத்தில், தற்செயலாக, அவர் அந்த இன்னொரு இல்லத்துக்கு மாறிப்போய்விட்டார். அவர் போன இடத்தில் எடை தேங்கியது. விட்டுவந்த இடத்தில் ஏறியது. அவர் தன்னோடு அழைத்துப்போன எட்டுச் செல்லப் பிள்ளைகள் மட்டும் இரண்டு இடத்திலும் நன்றாக வளர்ந்தார்கள். 1951-இல் லான்செட் இதழில் இது வெளியானது. அவர்கள் சிசுக்கள் அல்ல என்பது உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கே அப்படியென்றால், பத்து மாதப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிசுக்களிடமே செய்த ஆய்வும் ஒன்று உண்டு. சிகாகோவின் குழந்தை மருத்துவர் கிளாரா டேவிஸ் 1920-களின் பிற்பாதியில் தொடங்கிப் பால்மறந்த 15 குழந்தைகளை மருத்துவமனைக் காப்பகத்திலேயே வைத்து வளர்த்தார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதை அனுமதிக்காது. தட்டில் பல கிண்ணங்கள்: தானியம், காய், பழம், முட்டை, மீன், ஈரல், பால். மொத்தப் பட்டியலில் 34 உணவுகள். செவிலியர் கையில் கரண்டியோடு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை எதையாவது நோக்கிக் கை நீட்டினால் மட்டும் அதில் ஒரு கரண்டி. வாய் திறந்தால் மட்டும் உள்ளே. 'இதைச் சாப்பிடு' என்ற பாவனைகூடக் கூடாது. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு விதமாக, பெரியவர்கள் முகம் சுளிக்கும் சேர்க்கைகளாகச் சாப்பிட்டது. எல்லாக் குழந்தைகளும் நன்றாக வளர்ந்தன. எலும்பு நோயோடு வந்த ஒரு குழந்தை, தட்டில் வைத்த மீன் எண்ணெயைத் தானாகவே எடுத்துக் குடித்து, நோய் தீர்ந்ததும் விட்டுவிட்டது.

இதை வைத்துக் 'குழந்தைக்கு என்ன வேண்டும் என்று அதற்கே தெரியும்' என்று முழங்கியவர்கள் உண்டு. டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. தந்திரம் பட்டியலில் இருக்கிறது என்றார் அவர். அந்த 34-இல் சர்க்கரையும் இல்லை, மைதாவும் இல்லை. எதை எடுத்தாலும் நல்லதுதான். என்ன கொடுப்பது என்பதைப் பெரியவர் முடிவு செய்கிறார், எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்கிறது. தலையைத் திருப்பினால், உதட்டை மூடினால், போதும் என்று அர்த்தம். வாயைப் பிளந்து இன்னும் இரண்டு கரண்டி திணிப்பதும், மொபைலில் பாட்டுப் போட்டு அசந்த நேரத்தில் ஊட்டுவதும் அந்தப் 'போதும்' என்ற உணர்வை மழுங்கடிக்கின்றன.

பத்துக் குழந்தைக்கும் ஒரே மணிக்குப் பசிப்பதில்லை என்பது ஆயாக்களுக்கு நன்றாகத் தெரியும். ஒன்று ஒன்பதரைக்குத் தூங்கி எழும், இன்னொன்று பதினொன்றரைக்கு. பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் சாப்பாடு என்று சுவரில் அட்டவணை எழுதுவதால்தான் வரிசை உண்டாகிறது. குழந்தை எழுந்த நேரத்தை ஒட்டி ஊட்டினால் அந்த 200 நிமிடம் காலையிலிருந்து மாலை வரை பரவிப் போய்விடும். இன்னொரு வழியும் இருக்கிறது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை சட்டத்திலேயே உண்டு. 2017 திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் காப்பகம் வைக்க வேண்டும் என்றதோடு, தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றும் சேர்த்தது. நூற்பாலையிலும் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இதை எழுதிப் போட்டிருக்கிற சுவரைப் பார்ப்பது அரிது. அந்த நான்கில் ஒன்றை மதியக் கஞ்சி நேரத்துக்கு வைத்துக்கொண்டால், ஒவ்வொரு அம்மாவின் வருகையிலும் ஆயாவுக்கு இருபது நிமிடம் மிச்சமாகும்.